பரஸ்பர சம்மத விவாகரத்து: ஒருவர் உச்சிப்புளியில், ஒருவர் ஷார்ஜாவில். ஆன்லைன் சேவை சரிவருமா?

மண்டபம்_முகில் (கேள்வி)

உறவுக்காரப் பெண் ஒருவருக்காகக் கேட்கிறேன். இருவரும் இந்து. 2016இல் ராமேஸ்வரத்தில் கல்யாணம். பதிவு செய்யவில்லை, பத்திரிகை, ஆல்பம் இருக்கிறது. பையனுக்கு 7 வயது, அம்மாவோடு உச்சிப்புளியில் தாத்தா வீட்டில் இருக்கிறான். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. பிரிந்து 1 வருடம் 8 மாதம் ஆகிறது. பிரிவதில் இரண்டு பேருக்கும் முழுச் சம்மதம். நகை, பணம் பேச்சும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. போலீஸ் புகார் எதுவும் இல்லை.

இணையத்தில் தேடினால் "வீட்டிலிருந்தே விவாகரத்து", "கோர்ட்டுக்கே வர வேண்டாம்" என்று வரிசையாக வருகிறது. ஒன்று டெல்லி, ஒன்று பெங்களூரு, ஒன்று சென்னை. கட்டணம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. ஒரு தளம் மனுவை மட்டும் தயார் செய்து தருமாம். இன்னொன்று வக்கீலையும் சேர்த்துத் தருமாம். மூன்றாவது, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால் போதும் என்கிறது.

எதை நம்பலாம்? தேர்ந்தெடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? அவர் ஊருக்கு வராமல் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கச்சேரி_வாசல்

முகில், மூன்றாவது தளத்தை இப்போதே மூடிவிடுங்கள். நோட்டரி பத்திரத்தால் இந்துத் திருமணம் முறியாது. திருமணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் எழுதித் தருவது நோட்டரியின் வேலையே இல்லை என்று 2024இல் மத்திய சட்ட அமைச்சகமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நம் பக்கம் பஞ்சாயத்தில் "அத்துவிட்டாச்சு" என்று எழுதி வாங்கிக்கொண்டு மறு கல்யாணம் செய்கிறவர்கள் உண்டு. வழக்கப்படியான பிரிவுக்குச் சட்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாவது கல்யாணம் குற்றமாகிவிடும்.

அடுத்து, "ஆன்லைன் விவாகரத்து" என்று ஒன்று கிடையாது. ஆன்லைனில் தாக்கல் செய்வதுதான் உண்டு. மனுவை இ-ஃபைலிங் தளத்தில் ஏற்றலாம், கோர்ட் ஃபீயை இ-பேயில் கட்டலாம், வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். டிகிரி (விவாகரத்துத் தீர்ப்பாணை) கொடுப்பது எல்லை அதிகாரம் உள்ள நீதிபதிதான். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது இணையதளத்தின் அழகை அல்ல. வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போடப்போகும் வக்கீல் யார், அவர் ராமநாதபுரம் கோர்ட்டில் வந்து நிற்பாரா? இதற்கு நேரான பதில் வராத சேவைக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்ப வேண்டாம்.

எல்லை, அதாவது எந்த ஊர்க் கோர்ட்டில் போடலாம் என்பது: இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 19. கல்யாணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் இடம். இந்தக் கேஸில் ராமேஸ்வரம், உச்சிப்புளி இரண்டும் ராமநாதபுரம் மாவட்டம்தான், சிக்கலே இல்லை. குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் ஊர் என்றால் அங்கே, மற்றபடி சார்பு நீதிமன்றத்தில். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தால் கோர்ட்டுகளின் பட்டியல் வரும். "எங்கள் ஊரிலேயே போட்டு முடித்துத் தருகிறோம்" என்று வெளிமாநிலத் தளம் சொன்னால், அங்கே ஒரு பொய் முகவரி காட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். எல்லை இல்லாத கோர்ட்டு கொடுத்த டிகிரியைப் பிறகு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

தளங்களில் மூன்று வகை. ஒன்று, மனு எழுதித் தருவது. இரண்டு, உங்கள் நம்பரை வாங்கி ஏதோ ஒரு வக்கீலுக்குத் தள்ளிவிடுவது. மூன்று, வக்கீல் அலுவலகமே நடத்துவது. இரண்டாவது வகையில் கூடுதல் கவனம் வேண்டும். வக்கீல் தொழிலில் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. இணையத்தில் வக்கீல் சேவையைச் சரக்குபோல விற்பதைக் கண்டித்து, அப்படி விளம்பரம் செய்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது. நட்சத்திரக் குறி, "98% வெற்றி" மாதிரி பேச்செல்லாம் பார்த்தால் விலகிக்கொள்ளுங்கள். பரஸ்பர சம்மதத்தில் வெற்றி என்ன, தோல்வி என்ன?

கேட்க வேண்டியவை:

வக்கீலின் பெயரும் என்ரோல்மென்ட் எண்ணும். தமிழ்நாடு என்றால் எம்.எஸ். என்று தொடங்கி, ஓர் எண்ணும் பதிவு ஆண்டும் இருக்கும்.

கட்டணத்தில் என்னென்ன அடக்கம்? மனு எழுதுவது மட்டுமா, நம்பர் ஆகும்வரையா (கோர்ட்டு மனுவை ஏற்று வழக்கு எண் தருவது), ஆறு மாதம் கழித்து வரும் விசாரணையும் டிகிரி நகலும் சேர்த்தா? பெரும்பாலும் நம்பர் ஆனதோடு கையைக் கழுவிவிடுவார்கள். இரண்டாவது வாய்தாவுக்கு "லோக்கல் கவுன்சில் ஃபீ" (உள்ளூர் வக்கீல் கட்டணம்) என்று தனியாக ஒரு பில் வரும்.

மனு ரிட்டர்ன் ஆனால், அதாவது குறை சொல்லிக் கோர்ட்டு திருப்பினால், திருத்தித் திரும்பப் போடுவது யார் பொறுப்பு?

தாக்கல் செய்த அன்றே இ-ஃபைலிங் எண்ணும், நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் (கேஸுக்கான தனி அடையாள எண்) தருவார்களா? அந்த எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்தால், உண்மையிலேயே கேஸ் போட்டார்களா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். "பிராசஸில் இருக்கிறது" என்ற வாட்ஸ்அப் செய்தி எதற்கும் ஆதாரம் ஆகாது.


சாயல்குடி_கணக்கு

கச்சேரி_வாசல் சொன்னதோடு ஒன்று. மனு எழுதித் தரும் தளத்தை முழுசா ஒதுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் ஒத்துப்போற கேஸ்ல மனு நாலு பக்கம், ஒப்பந்தம் மூணு பக்கம். ஆனா வடக்கே எழுதுற மாதிரி எழுதிட்டு வந்தா இங்கே ரிட்டர்ன்தான்.

ஏன்னா டெல்லியில முதல் மோஷனுக்கு (கோர்ட்டுல முதல் தடவை சம்மதம் சொல்ற கட்டம்) ஒரு மனு, ரெண்டாவது மோஷனுக்குத் தனியா ஒரு மனு. நம்ம கோர்ட்டுல ஒரே எச்.எம்.ஓ.பி.தான் (இந்து திருமணச் சட்டப்படி போடுற மனு), அதையே ஆறு மாசம் தள்ளி வாய்தா போட்டு, அன்னைக்கு ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுதித் தர்ற உறுதிமொழிப் பத்திரம்) வாங்கி, ஆவணங்களை மார்க் பண்ணி, அதாவது சான்றா எண் போட்டு முடிப்பாங்க. வடக்குப் படிவத்துல "முதல் மோஷனை அனுமதிக்கவும்"னு மட்டும் வேண்டுதல் இருக்கும், திருமணத்தைக் கலைக்கச் சொல்லி வேண்டுதலே இருக்காது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான பிரிவு 13-பி-ன்னு தலைப்புல போட்டுட்டு உள்ளே கொடுமை, வரதட்சணைன்னு குற்றச்சாட்டை அடுக்கி வச்சிருப்பாங்க. அதுவும் ஆகாது. பரஸ்பர மனுவுல யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. "சேர்ந்து வாழ இயலவில்லை" போதும்.

மனுவுல கண்டிப்பா இருக்க வேண்டியது: கல்யாணத் தேதி, இடம், எந்த முறைப்படி, கல்யாணத்துக்கு முன்னாலயும் இப்பவும் ரெண்டு பேர் முகவரி, பிள்ளை பேர், பிறந்த தேதி, எந்தத் தேதியிலேர்ந்து பிரிஞ்சிருக்காங்க, இதுக்கு முன்ன வேற எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் இல்லைன்னு ஒரு பத்தி, எல்லை எப்படி வருதுன்னு ஒரு பத்தி, சம்மதம் மிரட்டியோ ஏமாத்தியோ வாங்கலைன்னு ஒரு பத்தி. பிரிஞ்ச தேதியில "சுமார்"னு எழுதினா கேள்வி வரும். மனு, அஃபிடவிட், ஒப்பந்தம் மூணுலயும் ஒரே தேதி இருக்கணும். அதிகமா ரிட்டர்ன் ஆகுறது இந்தத் தேதி முரண்பாட்டுலதான். அடுத்தது பேர். பத்திரிகையில ஒரு பேர், ஆதார்ல ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சேர்ந்து ஒரு பேர்னு இருந்தா "என்கிற" போட்டு ரெண்டையும் எழுதிடணும்.

மனு இங்கிலீஷ்ல இருந்தா, படிச்சுக் காட்டித் தமிழ்ல விளக்கிச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டதா கீழே ஒரு வரி வேணும். தமிழ்லயே போட்டாலும் கோர்ட்டு வாங்கிக்கும். அந்தப் பொண்ணு தானே படிச்சுப் புரிஞ்சுக்க அதுதான் நல்லது.

ஸ்கேனையும் கவனிங்க. மொபைல்ல சாய்ச்சு எடுத்து, விரல் தெரியற போட்டோவை பி.டி.எஃப். ஆக்கி ஏத்தினா அதுக்கும் ரிட்டர்ன். ஏ4 அளவு, நேரா, எழுத்து தெளிவா, பக்க எண்ணோட.

பதிவு இல்லாததைப் பத்திக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி பதிவு கட்டாயம்தான், ஆனா பதியலைங்கிறதுக்காகக் கல்யாணம் செல்லாமப் போயிடாது. பத்திரிகை, தாலி கட்டுற போட்டோ, ரேஷன் கார்டு, பையன் பிறப்புச் சான்றிதழ் போதும்.


மண்டபம்_முகில்

மிக்க நன்றி. ஆறு மாதம் காத்திருப்பது கட்டாயமா? ஒரு தளம் "15 நாளில் டிகிரி" என்கிறது. அவர் ஷார்ஜாவில் இருப்பதற்கு என்ன வழி? இங்கே இருக்கும் ஒருவருக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம்) கொடுத்தால் போதுமா?


கச்சேரி_வாசல்

ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் கேட்டாலே கிடைத்துவிடும் என்று எந்தத் தளமும் உறுதி தர முடியாது. 13-பி(2) படி மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். 2017இல் அமர்தீப் சிங் – ஹர்வீன் கவுர் வழக்கில், அந்த 6 மாதம் கட்டாயம் இல்லை, நீதிபதி தகுந்த கேஸில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனைகள் உண்டு: மனு போடுவதற்கு முன்பே ஒரு வருடமும் கூடுதலாக ஆறு மாதமும், ஆக 18 மாதம், பிரிந்திருக்க வேண்டும். சேர்த்துவைக்கும் முயற்சி பலிக்கவில்லை என்று தெரிய வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். காத்திருப்பு வேதனையை நீட்டுமே தவிர வேறு பயன் இல்லை என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். இவர்களுக்கு 20 மாதம் ஆகிவிட்டதால் மனு போட்ட ஒரு வாரம் கழித்துத் தள்ளுபடிக்கு ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) போடலாம். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்பது கோர்ட்டின் பட்டியலைப் பொறுத்தது. "15 நாள்" என்பது விளம்பர நாள்.

எப்போது வேண்டுமானாலும் ஒருவர் பின்வாங்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். டிகிரி வரும்வரை சம்மதம் நீடிக்க வேண்டும் என்று 1991இலேயே சுரேஷ்தா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் கொடுப்பதைத் தவணையாகப் பிரிப்பது இதனால்தான்.

பவர் விஷயத்தை வளைகுடாக் கேஸ்கள் தெரிந்தவர் யாராவது எழுதினால் நல்லது.


தொண்டி_துறை

பவர் பற்றி நான் எழுதுகிறேன். தடங்கல் அதிகம் வருவது இங்கேதான்.

ஷார்ஜாவுக்கு துபாய் இந்தியத் துணைத் தூதரகம்தான். பவர் பத்திரத்தை இங்கேயே வக்கீலிடம் எழுதி வாங்கி, மின்னஞ்சலில் அனுப்பி, அங்கே அச்செடுத்துக்கொள்ளட்டும். அலுவலர் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே அத்தாட்சிச் சான்றோடு மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) இல்லாத நாடு. அதனால் தூதரக அத்தாட்சியே நேர்வழி. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அப்போஸ்டில் வழியும் உண்டு.

பொதுப் பவர் வேண்டாம். இந்த வழக்குக்கென்றே எழுதிய தனிப் பவர் எழுதுங்கள். மனைவி பெயர், கல்யாணத் தேதி, 13-பி மனு, எந்தக் கோர்ட்டு, வக்காலத்தில் கையெழுத்து, மனுவில் கையெழுத்து, ஐ.ஏ. போடும் அதிகாரம், பணம் கொடுத்து ரசீது பெறும் அதிகாரம் எல்லாம் பெயர் சொல்லி இருக்க வேண்டும். ஏஜென்டாக அப்பாவையோ உடன்பிறந்தவரையோ போடலாம். வக்கீலையே ஏஜென்டாகப் போடச் சொல்லும் தளம் இருந்தால் வேண்டாம். ஒருவரே கட்சிக்காரராகவும் வக்கீலாகவும் நிற்பதைக் கோர்ட்டு ஏற்காது.

அசல் பத்திரம் கூரியரில் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்திய முத்திரைச் சட்டம் பிரிவு 18. ராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துத் தீர்வை போட்டு வாங்கிக்கொள்ளலாம். கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வந்து சேர்ந்த தேதிக்கு அதன் மேல் ஒட்டிய சீட்டுத்தான் சான்று. ஆன்லைன் தளங்களில் இந்தப் படியைச் சொல்கிறவர்கள் குறைவு. முத்திரை இல்லாத பவரோடு மனு போனால் அங்கேயே நிற்கும்.

பவர் இருந்தாலும் "என் சம்மதம்தான்" என்பதை ஏஜென்ட் சாட்சியம் சொல்ல முடியாது. அது அவர் மனதில் இருப்பது. அதனால் நீதிபதி அவரை நேரிலோ காணொலியிலோ பார்க்க விரும்புவார். காணொலிக்குத் தனியாக மனு போட வேண்டும். குடும்ப வழக்கில் காணொலி பற்றி 2017 அக்டோபரில் சாந்தினி – விஜய வெங்கடேஷ் தீர்ப்பு இருக்கிறது: சமரச முயற்சி முடிந்த பிறகு, இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் அனுமதிக்கலாம். பரஸ்பர கேஸில் இருவரும் சேர்ந்து கேட்பது சுலபம். வெளிநாட்டிலிருந்து பேசுபவரின் பக்கத்தில் தூதரக அலுவலர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும் என்பதே விதிகளின் போக்கு. இங்கே 10.30 மணி என்றால் ஷார்ஜாவில் காலை 9. அன்றைக்கு அவருக்கு லீவு தேவைப்படும்.

என்னைக் கேட்டால், பவரை வைத்து மனு போட்டு நம்பர் ஆக்கிவிட்டு, அவர் ஊர் லீவைக் கடைசி விசாரணை வாய்தாவையொட்டி எடுத்துக்கொள்வதே உத்தமம். காணொலியைக் கைவசம் வைத்திருங்கள், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.


பாம்பன்_வாடை

ஷார்ஜா கேஸுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் கடல் தொழிலாளர் வீட்டாருக்காக: விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆள் கரையில் இருக்கும் காலம் என்று எல்லாரும் அப்போதுதான் பத்திரம் எழுத உட்காருகிறார்கள். மே மாதம் சிவில் கோர்ட்டு கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் மனு ஏறாவிட்டால் ஜூனில்தான் நகரும். அதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். மார்ச்சிலேயே ஆவணம் தேடத் தொடங்குங்கள்.

எங்கள் பக்கம் கத்தோலிக்கர் அதிகம், ஆகவே இன்னொன்று. தளங்கள் எல்லா மதத்துக்கும் 13-பி படிவத்தையே நீட்டுகின்றன. கிறிஸ்தவத் திருமணத்துக்கு விவாகரத்துச் சட்டம் 1869, பிரிவு 10-ஏ. அதில் பிரிந்திருக்க வேண்டிய காலம் 2 ஆண்டு என்று எழுதியிருக்கிறது. அதைக் கேரள உயர் நீதிமன்றம் குறைத்துப் படித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே வாதாட வேண்டியிருக்கும், தானாக வந்துவிடாது. மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் திருமணம் செல்லாது என்று வாங்கும் தீர்ப்பு திருச்சபைக்குள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சிவில் சட்டப்படி மறுமணம் செய்ய முடியாது என்று 1996இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும்.


கீழக்கரை_மரைக்கா

அப்படியே நம்ம மக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க காக்கா. பொண்ணு கேட்டு வாங்குற விவாகரத்துக்கு ஆன்லைன்ல "குலா சர்டிஃபிகேட்"டுன்னு ஒரு லெட்டர்ஹெட்டுல போட்டுத் தர்றாங்களே, அது செல்லுமா?


தொண்டி_துறை

செல்லாது தம்பி. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழை ரத்து செய்தது. குலா கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு, அதற்குக் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது தீர்ப்பு. ஜமாஅத்தில் பேசி முடிப்பதைத் தடுக்கவில்லை; ஆனால் அந்தக் காகிதம் டிகிரி ஆகாது. பாஸ்போர்ட், விசா வேலைக்கு அது உதவாது. கணவர் ஒத்துவரவில்லை என்றால் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் இருக்கிறது: 4 ஆண்டு இருப்பிடம் தெரியாமை, 2 ஆண்டு பராமரிக்காமை போன்ற காரணங்களைச் சொல்லிப் பெண் மனு போடலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, குற்றமும்கூட.


வழுதூர்_வேம்பு

யாரும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லையே! பின்னால் சண்டை வருவது அதில்தான், மனுவில் அல்ல. தளங்கள் தரும் மாதிரியில் "இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் எந்த உரிமையும் கோர மாட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அது போதாது.

நகை: பவுன் கணக்கு மட்டும் எழுதாமல் உருப்படி வாரியாக எழுதுங்கள். ஆரம் ஒன்று, வளையல் நான்கு, எந்த வங்கியில் அடகில் இருக்கிறது, மீட்பது யார், எந்தத் தேதிக்குள். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மீட்க முடியும். அவர் ஷார்ஜாவில் இருந்தால் அது ஒரு தனி வேலை. கல்யாணச் சீர், பாத்திரம், கட்டில், பீரோவுக்கு ஒப்படைப்புப் பட்டியல், இரு பக்கக் கையெழுத்து.

பணம்: ரொக்கம் வேண்டாம், டி.டி. அல்லது வங்கி மாற்று. ஒரு பகுதி மனு போடும்போது, மீதி கடைசி வாய்தா அன்று கோர்ட்டிலேயே. டி.டி. எண்ணை அஃபிடவிட்டில் எழுதிவிடுங்கள்.

பையன்: மனைவி தன் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று எழுதலாம், பிள்ளையின் பராமரிப்பை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில், ஆண்டுக்கு எவ்வளவு கூட்டுவது, பள்ளிக் கட்டணம் தனியா சேர்த்தா என்று எழுதுங்கள். பார்க்கும் உரிமைக்கு "நியாயமான நேரம்" என்று எழுதாதீர்கள். அவர் லீவில் வரும்போது எத்தனை நாள், வீடியோ அழைப்பு வாரத்தில் எந்தக் கிழமை என்று இருக்கட்டும். பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவோ புதுப்பிக்கவோ அப்பா சம்மதம் தேவைப்படும். அந்தச் சம்மதத்தைக் கையெழுத்திட்டுத் தருவதாக இப்போதே ஒரு வரி வாங்கிவிடுங்கள். பிறகு கையெழுத்துக்காகத் துபாய்க்கு ஆள் தேட முடியாது.

வீடு, மனை ஏதாவது அவளுக்கு எழுதித் தருவதாக இருந்தால், டிகிரிக்கு முன்னாலேயே செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிடுங்கள். குடும்பத்தினருக்கு இடையேயான செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. டிகிரி ஆன மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. இது பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

இந்தக் கேஸில் புகார் இல்லை என்கிறீர்கள். இருக்கிறவர்கள் கவனிக்க: வரதட்சணைக் கொடுமை வழக்கு டிகிரியோடு தானாகப் போகாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இடிக்கும்.

இன்னொன்று, இரண்டு பேருக்கும் ஒரே வக்கீலைத் தரும் "பேக்கேஜ்" மலிவாகத்தான் இருக்கும். சண்டை இல்லாத கேஸில் அது நடப்பதும் உண்டு. ஆனாலும் அந்தப் பெண் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வேறொரு வக்கீலிடம் ஒரு முறை காட்டட்டும்.


சாயல்குடி_கணக்கு

அந்த வேறொரு வக்கீலுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12 படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காம இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்துல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஆதார் நகலோட ஒரு மனு எழுதிக் கொடுத்தா பேனல் வக்கீல் ஒருத்தரை நியமிப்பாங்க. போன்ல கேக்கணும்னா 15100. உச்சிப்புளியிலேர்ந்து ராமநாதபுரம் பஸ்ல போயிட்டு வர்ற தூரம்தான். இதுக்கு எதுக்கு டெல்லித் தளம்?


மண்டபம்_முகில்

இது தெரியாமல் போனதே. அப்படியானால் அவளுக்குச் சட்ட உதவி வக்கீல், அவருக்கு ராமநாதபுரத்திலேயே தனியாக ஒரு வக்கீல், பவர் தம்பி பெயரில். இப்படிப் போகலாமா? ஒரு தளத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் முன்பணம் கட்டிவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க முடியுமா?


கச்சேரி_வாசல்

தாராளமாகப் போகலாம். அதுவே சரியான வழி.

முன்பணம்: முதலில் ரசீதைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருந்தால், வேலை தொடங்கவில்லை, ரத்து செய்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். வக்கீலின் தனிக் கணக்குக்குப் பணம் போயிருந்தால் அந்த வழி அடைபடும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்மேல் புகார் என்றால் பார் கவுன்சில்தான். எதையாவது கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால், குறிப்பாக வெற்று வக்காலத்து, அதைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அது ரத்து என்று எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பாஸ்போர்ட் நகல்களை அழிக்கச் சொல்லியும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி.

டிகிரி வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள், குறைந்தது மூன்று நகல்: அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, பாஸ்போர்ட் வேலைக்கு ஒன்று. ரேஷன் கார்டில் பெயர் பிரிப்பது, வங்கி, காப்பீடு, பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினியை மாற்றுவது தனித்தனி வேலை. டிகிரி வந்ததால் நாமினி பெயர் தானாக மாறாது.


மண்டபம்_முகில்

வெற்று வக்காலத்து ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். இன்றே மின்னஞ்சல் போடச் சொல்கிறேன். ஆணைக்குழுவுக்குத் திங்கட்கிழமை போகிறோம்.